கருமணலிலிருந்து காரைக்குடி வரை

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைக் கையில் அள்ளியதும் முதலில் தெரிவது அதன் கனம். ஆற்றுமணலைத் தொட்டுப் பழகிய கைக்கு அது புதிது. பருவமழைக் காலத்து அலைகள் அடித்து ஓய்ந்தபின் கரையில் வரி வரியாகக் கறுத்துக் கிடக்கும் மணல் இது. ஒரு வெள்ளைத்தாளில் பரப்பி, காகிதம் சுற்றிய வலுவான காந்தத்தை மேலே மெல்ல ஓட்டினேன். கரிய இலுமனைட் துகள்கள் சடசடவென்று எழுந்து ஒட்டின. பின்னாலேயே சிவந்த கார்னெட்டும் போனது. தாளில் மிஞ்சியதைக் கைலென்ஸில் பார்த்தால் தேன்நிறத்தில் உருண்டையாகச் சில மோனசைட் மணிகள், நடுவே நிறமில்லாத, முனை மழுங்கிய குட்டிப் பட்டகங்கள். வெயில் படும்போது ஊசி குத்துவதுபோல ஒளிரும் அந்தப் பட்டகங்கள்தான் சிர்க்கான். அவற்றுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

பார்த்து முடித்து மணலைக் கரையிலேயே கொட்டிவிட்டேன். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது அணுக்கனிமம். இங்கிருந்து அனுமதியில்லாமல் மணலை எடுத்துச் செல்லக் கூடாது.

சிர்க்கான் என்பது சிர்கோனியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். அதிலுள்ள சிர்கோனியத்தைப் போரானோடு இணைத்தால் சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில் ஒரு பொடி கிடைக்கும். சிர்கோனியம் டைபோரைடு என்று பெயர். இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இந்தப் பொடி உருக 3,245 டிகிரி வேண்டும். இதன் உறவினரான ஹாஃப்னியம் கார்பைடு இன்னும் ஒரு படி மேல்: 2016-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் லேசரால் சூடாக்கி அளந்தபோது அது 3,958 டிகிரியில் உருகியது. இப்படி 3,000 டிகிரிக்கு மேல் உருகும் போரைடுகளையும் கார்பைடுகளையும் நைட்ரைடுகளையும் சேர்த்து மீவெப்பப் பீங்கான்கள் என்கிறோம். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வளிமண்டலத்தைக் கிழித்து வரும் ஒரு கலத்தின் கூர்மையான மூக்கும் இறக்கை விளிம்பும் தாங்க வேண்டிய சூட்டை, வேறு பொருட்கள் தாங்குவது அரிது. அமெரிக்க விமானப்படை 1960-களிலேயே இவற்றை ஆராயத் தொடங்கியது. நாசா 1997-இலும் 2000-இலும் இவற்றால் செய்த மூக்கு நுனியையும் விளிம்புத் துண்டுகளையும் ஏவுகணை முனையில் பொருத்திப் பறக்கவிட்டுப் பார்த்தது. உருகிய உலோகத்தை ஏந்தும் மூசைகள், அலுமினிய உருக்காலை மின்முனைகள், வெட்டுக்கருவிகள் என்று தரையிலும் இந்தக் குடும்பத்துக்கு நிறைய வேலை உண்டு. ஆனாலும் அவை பரவலாகவில்லை. காரணம் பொடியின் விலை.

விலை ஏன் இவ்வளவு? சிர்க்கான் ஒன்றும் தங்கமில்லை. தரையில் பதிக்கும் பீங்கான் ஓடுகளுக்கும் வார்ப்பட மணலுக்கும் டன் கணக்கில் போகிற சரக்கு. அந்த மணலுக்கும் இந்தப் பொடிக்கும் நடுவில் என்ன நடக்கிறது, அதில் எவ்வளவு தவிர்க்கக்கூடியது, மண்ணையும் காற்றையும் கெடுக்காமல் அதைச் செய்ய வழி உண்டா? தமிழ்நாட்டின் தென்முனையிலிருந்து வடக்கே போகும் சாலையில் இந்தக் கேள்விக்கான பெரும்பாலான சரக்குகள் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தச் சாலையில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

மணவாளக்குறிச்சி மணலின் கதை கயிற்றில் தொடங்குகிறது. இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சோதித்தார்; அதில் மோனசைட் இருந்தது. அந்நாளில் எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. நாரின் தடம் பிடித்து அவர் இங்கே வந்து சேர்ந்தார். அப்போது தொடங்கிய மணல் பிரிப்பு, 1950-இல் உருவான இந்திய அருமண் நிறுவனத்தின் கைக்கு வந்து இன்றும் நடக்கிறது. பிரிப்பதற்கு ரசாயனம் எதுவும் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். சிர்க்கானின் அடர்த்தி 4.6-க்கு மேல், வெண்மணலுடையது 2.65, ஆகவே சுருள் தடத்தில் தண்ணீரோடு ஓடவிட்டாலே கனமானது உள்ளோரம் ஒதுங்கும். பிறகு காய வைத்து உயர் மின்னழுத்த உருளைமேல் விழவிடுகிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும் இலுமனைட்டும் ரூட்டைலும் தெறித்து விலக, கடத்தாத சிர்க்கானும் மோனசைட்டும் உருளையோடு ஒட்டிச் சுற்றும். கடைசியாகக் காந்தம் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும். கனமும் மின்சாரமும் காந்தமும் மட்டுமே செய்யும் வேலை. இந்தக் கட்டம் வரை சிர்க்கான் மலிவுதான்.

ஆனால் மணல் இலவசமாக வரவில்லை என்பதைக் கடியபட்டணத்தில் கேட்டேன். வள்ளியாறு கடலில் சேரும் இடம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் சிதைந்து, ஆறு சுமந்து வந்து கடலில் கொட்ட, அலை சலித்துச் சலித்துக் கனமானதைக் கரையில் போட்டிருக்கிறது. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் மணல் பற்றிக் கேட்டேன். கை நிற்கவில்லை, முகத்தை மட்டும் நிமிர்த்தினார்.

“மண்ணு போனா கரை போவும் சார். கரை போனா வள்ளத்த எங்க கொண்டு ஏத்த?”

கிள்ளியூர்ப் பக்கத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கடலோர ஊர்கள் திரண்டு எதிர்த்ததற்கு இந்த அச்சமும் கதிர்வீச்சு பற்றிய அச்சமும் சேர்ந்தே காரணம். தனியார் கடல்மணல் எடுப்பை 2013-இல் தமிழக அரசு நிறுத்திவைத்ததும், 2019-இல் மத்திய அரசு அணுக்கனிமம் உள்ள கடல்மணலைத் தனியார் கையிலிருந்து எடுத்ததும் வெறும் ஆவணச் செய்திகள் அல்ல. இந்தக் கரையில் வாழ்கிறவர்கள் நினைவில் வைத்திருக்கும் வருடங்கள். பசுமைத் தொகுப்பு முறை என்று ஆய்வகத்தில் எதைச் சொன்னாலும் அதன் முதல் வரி இந்த மணலில்தான் எழுதப்படுகிறது. எனக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தோன்றுகிறது: மீவெப்பப் பீங்கான் பொடி டன் கணக்கில் தேவைப்படும் சரக்கு, லட்சம் டன் கணக்கில் அல்ல. ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போகும் சிர்க்கானில் மிகச் சிறு பங்கைத் திருப்பினாலே போதும். இந்தப் பொடியின் பெயரைச் சொல்லி ஒரு புதுக் கரையைத் தோண்ட வேண்டியதில்லை.

நாகர்கோவிலில் நகைப்பட்டறை ஒன்றில் சற்று நேரம் உட்கார்ந்தேன். பொடி செய்ய சிர்கோனியத்துக்கு அடுத்து வேண்டியது போரான். போரான் நம் வீடுகளில் கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடராகவும், பற்றவைக்கும் பட்டறையில் வெங்காரமாகவும் இருக்கிறது. ஆசாரி ஒரு கல்லில் தண்ணீர் விட்டு வெங்காரத்தை உரைத்து, இறகால் தொட்டு வளையத்தின் இணைப்பில் தடவினார். ஊதுகுழல் சுடர் பட்டதும் வெங்காரம் பொரிந்து பொங்கி, பிறகு அடங்கிக் கண்ணாடித் துளியாக ஓடி இணைப்பை மூடியது. அந்தக் கண்ணாடிதான் உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. பல மடங்கு அதிகச் சூட்டில் சிர்கோனியம் டைபோரைடும் இதையேதான் செய்கிறது: காற்றுப் பட்டதும் மேல்தோல் ஆக்சைடாக மாற, அதில் பிறக்கும் போரான் கண்ணாடி உள்ளே மேலும் எரியாதபடி மூடுகிறது.

“இது எங்கேருந்து வருது அண்ணே?”

“கடையிலதான் தம்பி. முன்னெல்லாம் வடக்க மலையிலேருந்து வரும்னு எங்கப்பா சொல்லுவாவ.”

அப்பா சொன்னது சரி. திபெத்திலிருந்தும் லடாக்கிலிருந்தும் ஆட்டுமந்தைகளின் முதுகில் வந்த சரக்கு அது. இன்று உலகின் போரான் வைப்பில் பெரும்பகுதி துருக்கியிடம் இருக்கிறது. நாம் பெரும்பாலும் வாங்கித்தான் பயன்படுத்துகிறோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் பேருந்து திரும்பியதும் காற்று சன்னல் வழியே முகத்தில் அறைந்தது. ஆனி மாதம். இரு பக்கமும் முப்பந்தல் காற்றாலைகள் முழு வீச்சில் சுழன்றன. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் இடதுபக்கம் மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ தன் ராக்கெட் என்ஜின்களைக் கட்டிப்போட்டு எரித்துச் சோதிக்கிறது. நெருப்பைத் தாங்கும் பொருள் யாருக்கு வேண்டும் என்று கேட்டால் அந்த மலையைக் காட்டலாம்.

வழக்கமாக இந்தப் பொடியை எப்படிச் செய்கிறார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு வழி, சுத்தமான சிர்கோனியத் தூளையும் சுத்தமான போரான் தூளையும் நேரே சேர்ப்பது. இரண்டுமே விலை உயர்ந்தவை; சிர்கோனியத் தூள் காற்றிலேயே தீப்பிடிக்கும். இன்னொரு வழி, சிர்கோனியம் ஆக்சைடோடு போரான் கார்பைடையும் கரியையும் கலந்து, காற்று புகாத கிராஃபைட் உலையில் 1,600 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைப்பது. கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாகப் போய்விட, டைபோரைடு மிஞ்சும். சமன்பாட்டின்படி ஒரு கிலோ பொடிக்கு அரைக் கிலோ கார்பன் மோனாக்சைடு. இதன் சுமை வெளியேறும் வாயுவில் அதிகமில்லை. உலைக்கு ஊற்றும் மின்சாரத்திலும், போரான் கார்பைடை முன்கூட்டியே வேறொரு மின்வில் உலையில் செய்ததிலும் இருக்கிறது. அந்த மின்வில் உலையில் போரானில் ஒரு பங்கு ஆவியாகவும் போய்விடுகிறது.

மூன்றாவது வழிதான் என்னை இந்தப் பயணத்துக்கே இழுத்தது. 1967-இல் மாஸ்கோவுக்கு அருகே செர்னகோலொவ்காவில் மெர்ஷானோவ், பொரோவின்ஸ்கயா, ஷ்கிரோ என்ற மூவர் டைட்டேனியத் தூளையும் போரான் தூளையும் அழுத்தி உருட்டி ஒரு முனையில் பற்றவைத்தார்கள். வாயு எதுவும் கிளம்பாமல், புகையில்லாமல், ஒரு வெண்சூட்டு அலை உருளையின் மறுமுனை வரை தானே நடந்து சென்றது. சில நொடிகளில் டைட்டேனியம் டைபோரைடு. உலை தேவையில்லை, வினையில் பிறக்கும் வெப்பமே அடுத்த அடுக்கைப் பற்றவைக்கிறது. திடச்சுடர் என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1987-இல் அதற்கென்றே அங்கே ஒரு நிறுவனம் எழுந்தது.

சுத்தத் தனிமங்களுக்குப் பதிலாக ஆக்சைடுகளையே எடுத்து, மக்னீசியத்தைச் சேர்த்துப் பற்றவைத்தால் இதே காரியம் மலிவான சரக்குகளில் நடக்கும். சிர்கோனியம் ஆக்சைடு, போரான் ஆக்சைடு, மக்னீசியம் மூன்றும் சேர்ந்து சிர்கோனியம் டைபோரைடும் மக்னீசியம் ஆக்சைடும் ஆகும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதை நேரில் பார்த்தேன். ஆய்வு மாணவர் விரல்கட்டை அளவு வில்லை ஒன்றை எஃகுக் கலத்துக்குள் வைத்து, ஆர்கான் நிரப்பி, மேலே தொட்டுக்கொண்டிருந்த டங்ஸ்டன் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தார். “சார், கண்ணாடிக்கு நேரா நிக்காதீங்க” என்றார். சுருள் சிவந்தது, மறுகணம் சன்னல் முழுக்க வெள்ளை. கண் பழகியபோது எல்லாம் முடிந்து, கலத்துக்குள் மக்னீசியம் ஆக்சைடின் வெண்புகை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. 2,000 டிகிரிக்கு மேல் சூடு ஏறி இறங்கிவிட்டது. உலை எதுவும் எரியவில்லை.

ஆறியபின் வில்லையை உடைத்தார். உள்ளே நுரைபோல் துளைத்த கருஞ்சாம்பல் கட்டி. அதை இடித்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டதும் குமிழ் கிளம்பி, மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம் பரவியது. முழுமையாக வினைபுரியாத மக்னீசியம் போரைடு அமிலத்தில் பட்டால் எழும் வாயு அது, ஆகவே புகைபோக்கியின் அடியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வெள்ளை எல்லாம் கரைந்து போக, அடியில் கறுப்புப் பொடி படிந்தது. வடிகட்டித் தாளில் அது ஈரக்களிமண்போல வழவழத்தது. விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். துளி நெருடல்கூட இல்லை.

“கொஞ்சம் உப்பு சேர்த்தா இன்னும் நைசா வரும் சார். சாப்பாட்டு உப்புதான்” என்றார். அதைக் கேட்டதும் என் அடுத்த ஊர் நிச்சயமாகிவிட்டது. சோடியம் குளோரைடைக் கலந்தால், அது உருகும்போது சூட்டில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. வெப்பம் கட்டுக்குள் நிற்கிறது. பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளராமல் உருகிய உப்புக்குள் தனித்தனியாக மிதக்கின்றன. பிறகு தண்ணீரில் அலசினால் உப்பு போய்விடும்.

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து சமன்பாட்டைக் கிலோவாக மாற்றினேன். ஒரு கிலோ பொடிக்கு மக்னீசியம் 1.08 கிலோ. கூடவே விளையும் மக்னீசியம் ஆக்சைடு 1.8 கிலோ. அதைக் கரைக்க, கடையில் கிடைக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகக் கணக்கிட்டால் 9 கிலோவுக்கு மேல். எஞ்சும் மக்னீசியம் குளோரைடு 4.2 கிலோ. உலகின் மக்னீசியத்தில் பெரும்பங்கைச் சீனா செய்கிறது. டோலமைட்டை ஃபெர்ரோசிலிக்கானோடு நிலக்கரிச் சூட்டில் வெற்றிடத்தில் வறுத்து எடுக்கும் முறை. ஒரு கிலோ மக்னீசியத்துக்கு 20 கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்கிறது. அப்படியானால் உலையே இல்லாமல் செய்த அந்தப் பொடி, உண்மையில் வேறொரு நாட்டின் உலைக்குள் நிலக்கரியை எரித்துவிட்டுத்தான் என் விரலிடுக்குக்கு வந்திருக்கிறது. தானே எரியும் வினை என்பதைக் காட்டி மட்டும் இதைப் பசுமை என்று எழுதும் கட்டுரைகளை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மக்னீசியம் எங்கிருந்து வருகிறது, மக்னீசியம் குளோரைடு எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் கணக்கு முடியும்.

திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடிக்குக் கடலோரமாகவே போனேன். குலசேகரன்பட்டினத்தில் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதைச் சுற்றிச் சிவந்த தேரிமணல். பனைகள் பாதிவரை மணலில் புதைந்து நின்றன. ஆத்தூரில் தாமிரபரணியைக் கடந்ததும் பழையகாயல். ஒரு காலத்தில் முத்துக்கும் குதிரைக்கும் பேர்போன துறைமுகப் பகுதி. இப்போது அங்கே அணு எரிபொருள் வளாகத்தின் சிர்கோனியம் ஆலை நிற்கிறது. 2009-இல் தொடங்கப்பட்டது. உள்ளே போக முடியாது. மதிலுக்கு வெளியே, சாலையோரத்தில் இளநீர் விற்பவர் நிழலில் நின்று பார்த்தேன்.

சிர்க்கான் மணலைக் காஸ்டிக் சோடாவோடு உருக்கி, சிலிக்காவைத் தண்ணீரில் கரைத்து விலக்கி, மிச்சத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைப்பான் கொண்டு ஹாஃப்னியத்தைப் பிரித்து, சுத்தமான ஆக்சைடாக்கி, குளோரினேற்றி, மக்னீசியத்தால் ஒடுக்கி, கடைசியில் கடற்பஞ்சுபோல் துளை விழுந்த உலோகமாக எடுப்பது இத்தகைய ஆலைகளின் வேலை. சிர்கோனியத்தோடு இயற்கையிலேயே நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு ஹாஃப்னியம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டும் வேதியியலில் இரட்டையர். அதனால்தான் ஹாஃப்னியத்தை 1923-இல் கோபன்ஹேகனில் எக்ஸ் கதிர் கொண்டுதான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் அணு உலைக்குள் இருவரும் எதிரெதிர்: சிர்கோனியம் நியூட்ரான்களை விட்டுவிடும், ஹாஃப்னியம் விழுங்கிவிடும். எனவே எரிபொருள் குழாய்க்குப் போகும் சிர்கோனியத்திலிருந்து ஹாஃப்னியத்தை வேரோடு களைந்தே ஆக வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிது.

பீங்கான் பொடிக்கு அந்தக் களையெடுப்பே வேண்டாம். ஹாஃப்னியம் டைபோரைடு சிர்கோனியம் டைபோரைடைவிட 100 டிகிரிக்கு மேல் அதிகமாகத் தாங்கும். பொடியில் இரண்டு சதம் அது கலந்திருந்தால் நட்டம் ஒன்றுமில்லை. அணுத்தொழிலுக்காக வகுத்த தூய்மையை அப்படியே மீவெப்பப் பீங்கானுக்கும் கேட்டு, அந்த விலையையும் சேர்த்துக் கொடுக்கிறோம். இந்தச் சாலையில் நான் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம் இதுதான்: பொடியை மலிவாக்கும் வழி அதிசய உலையில் இல்லை, எதைப் பிரிக்காமல் விடலாம் என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

அதே கேள்வியைச் சிலிக்காவிடமும் கேட்கலாம். சிர்க்கானில் மூன்றில் ஒரு பங்கு சிலிக்கா. அதை விலக்கத்தான் காஸ்டிக் சோடாவும் அமிலமும் பீப்பாய் பீப்பாயாகச் செலவாகின்றன; கழிவுநீரும் சேர்கிறது. ஆனால் விண்கலத்துக்குப் போகும் சிர்கோனியம் டைபோரைடு எதுவும் தனியாகப் போவதில்லை. ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சிலிக்கான் கார்பைடைக் கலந்துதான் பயன்படுத்துகிறார்கள். போரான் கண்ணாடி 1,200 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். சிலிக்கான் கார்பைடிலிருந்து பிறக்கும் சிலிக்கா அதோடு சேர்ந்தால்தான் காப்புக் கண்ணாடி இன்னும் பல நூறு டிகிரி நிற்கும். ஆக, ஒரு பக்கம் பணம் கொடுத்துச் சிலிக்காவைக் களைகிறோம், மறுபக்கம் பணம் கொடுத்துச் சிலிக்கான் கார்பைடைச் சேர்க்கிறோம்.

மணலை அப்படியே எடுத்துப் போரான் கார்பைடும் கரியும் சேர்த்து 1,500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் டைபோரைடும் சிலிக்கான் கார்பைடும் ஒரே பொடியில், துகளோடு துகள் கலந்தே பிறக்கின்றன. பல நாட்டு ஆய்வகங்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் கன அளவில் சிலிக்கான் கார்பைடு 40 சதம் வருகிறது, வேண்டியதைவிட அதிகம். கொஞ்சம் சிர்கோனியம் ஆக்சைடை உடன் சேர்த்து அந்த விகிதத்தை இறக்கிக்கொள்ளலாம். கரிக்கும் தூரம் போக வேண்டாம். சிரட்டைக்கரி போதும், அதிலுள்ள பொட்டாசியச் சாம்பலை அமிலத்தில் அலசிவிட வேண்டும். சிக்கல் இல்லாமல் இல்லை. சூடு கூடினால் சிலிக்கான் மோனாக்சைடாக ஆவியாகித் தப்பிவிடும். மணலோடு வரும் இரும்பும், சிர்க்கான் தன் படிகத்துக்குள்ளேயே சிறைவைத்திருக்கும் நுண்ணளவு யுரேனியமும் தோரியமும் பொடிக்குள் வந்து சேரும். அவற்றை அளந்து பார்க்காமல் யார் கையிலும் கொடுக்க முடியாது. பொடியின் துகள்மேல் ஆக்சிஜன் படலம் தடித்திருந்தால், அதைக் கட்டியாக இறுக்கும்போது 2,000 டிகிரியிலும் நுண்துளைகள் மூடாது. பொடியில் மிச்சம்பிடித்த பணம் அங்கே போய்விடும். எல்லாவற்றையும் சுத்தம் செய்வது ஒரு வழி என்றால், கெடுதல் செய்வதை மட்டும் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்வது இன்னொரு வழி. நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்கிறேன்.

தூத்துக்குடி உப்பளங்களுக்கு விடியுமுன்னே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பாத்தியின் வெண்மை கண்ணைத் திறக்கவிடாது. அதனால்தான் அங்கே வேலையும் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பெண்கள் வரிசையாக உப்புக் கூடை சுமந்து வரப்பில் நடந்தார்கள். குவித்த உப்பிலிருந்து சொட்டும் நீர் அவர்கள் தோளில் வழிந்து காய்ந்து கோடு போட்டிருந்தது. உப்பு வாரிய ஒரு பாத்தியில் மிச்சத் தண்ணீர் எண்ணெய்போலக் கொழுகொழுவென்று நின்றது. குனிந்து விரலை வைக்கப்போனேன்.

“அண்ணாச்சி, அதத் தொடாதிய. புண்ணு கிண்ணு இருந்தா எரிஞ்சிரும்” என்றார் ஒரு அக்கா. சொன்னவர் குதிகாலில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. அவர் தினமும் அதற்குள்தான் நிற்கிறார்.

உப்பு படிந்து போனபின் மிஞ்சும் அந்தக் கசப்புத் தண்ணீரில்தான் கடலின் மக்னீசியம் எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் 1.3 கிராம் மக்னீசியம். வெயில் அதைச் செலவில்லாமல் பல மடங்கு செறிவாக்கித் தந்துவிடுகிறது. பெரும்பாலும் அது கடலுக்கே திரும்பிப் போகிறது. என் கணக்குநோட்டில் எஞ்சி நின்ற 4.2 கிலோ மக்னீசியம் குளோரைடும் இதுவும் ஒரே பொருள். அமிலத்தில் கரைத்து வெளியேற்றும் கழிவையும் உப்பளத்தின் கழிவையும் ஒரே தொட்டியில் சேர்த்து, அதிலிருந்து மின்சாரத்தால் மக்னீசியத்தைத் திரும்ப எடுக்க முடியுமானால் சுற்று மூடிவிடும். பிரிந்து வரும் குளோரினை மறுபடி ஹைட்ரோகுளோரிக் அமிலமாக்கி அடுத்த பொடியைக் கழுவலாம். நிலக்கரிக்குப் பதில் முப்பந்தலின் காற்று. ஒரு கிலோ மக்னீசியத்துக்கு 10 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். ஆனி ஆடியில் அந்தக் கணவாயில் அதற்குப் பஞ்சமில்லை.

காரைக்குடிக்குப் போனது இதைப்பற்றிக் கேட்கத்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்தது அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 பொங்கலன்று திறந்தார்கள். உருகிய குளோரைடிலிருந்து மக்னீசியத்தை மின்னாற்பகுப்பால் எடுக்கும் ஆய்வு அங்கே பல பத்தாண்டுகள் நடந்திருக்கிறது. லாந்தனம் ஹெக்ஸாபோரைடு போன்ற போரைடுகளை உருகிய உப்புக்குள் நேரடியாக மின்முனைமேல் படியவைத்த ஆய்வுகளும் உண்டு. அது சுமார் 800, 900 டிகிரியில் முடிகிற வேலை. கிராஃபைட் உலையின் சூட்டில் பாதி.

அந்தத் துறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவரைச் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் சந்தித்தேன். உப்பளத் தண்ணீர் யோசனையைச் சொன்னதும், “எல்லாரும் அங்கதான் சறுக்குவாங்க தம்பி” என்று தொடங்கினார். மக்னீசியம் குளோரைடு தன்னோடு ஆறு மூலக்கூறு தண்ணீரைக் கட்டிக்கொண்டு படிகமாகும். சூடாக்கினால் முதல் நான்கு மூலக்கூறும் எளிதாகப் போய்விடும். கடைசி இரண்டும் தனியாகப் போகாது. குளோரினை அமில ஆவியாக இழுத்துக்கொண்டுதான் போகும், மிஞ்சுவது ஆக்சைடு கலந்த அழுக்கு. அது கலத்துக்குள் போனால் சேறாக அடியில் தங்கி, மின்முனைகளையும் அரிக்கும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுச் சூழலில் வைத்து உலர்த்தினால் அது நடக்காது. “உங்க சுத்துலதான் அந்த வாயு ஏற்கனவே இருக்கே, அதையே இதுக்கும் திருப்பி விடுங்க” என்றார். பேசிக்கொண்டே என் நோட்டை வாங்கி, நான் வரைந்திருந்த வட்டத்துக்குள் இன்னொரு சிறு வட்டம் போட்டார்: குளோரின், அமில வாயு, உலர்த்தும் கலம். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, இதை ஒரு கிலோ அளவில் செய்வது மாணவர் வேலை, 100 கிலோ அளவில் செய்வதற்கு அரிக்காத குழாயும் கசியாத மூடியும் தெரிந்த பொறியாளர்கள் வேண்டும், செலவு அங்கேதான் என்றார்.

அந்த வட்டத்தில் ஒன்று மட்டும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டியிருந்தது. சிர்கோனியம் மணவாளக்குறிச்சியில், மக்னீசியமும் உப்பும் தூத்துக்குடியில், கரி தென்னந்தோப்பில், மின்சாரம் கணவாயில். போரானுக்கு மட்டும் இந்தச் சாலையில் ஊர் இல்லை. கடல்நீரில் அது லிட்டருக்கு 4 மில்லிகிராம் சொச்சம்தான். உப்பளத்தின் கசப்பு நீரில் செறிந்தாலும் எடுத்துக் கட்டாது. நாட்டுக்குள் தேடினால் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரம்; வெந்நீர் ஊற்றுகள் கொதித்து வழிந்த இடமெல்லாம் வெங்காரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அங்கே போகும் பாதைகள் பனி விலகும் கோடையில்தான் சரியாகத் திறக்கும். காரைக்குடித் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெரியவரிடம் அதைச் சொன்னேன். ஊற்றின் ஓரத்துப் பூப்பிலும் தள்ளியிருக்கும் மண்ணிலும் தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொன்னார், ஆர்சனிக் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டுமாம்.